18 நாள் கடல் பயணம் நான்காம் நாளிலேயே சலித்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

கரைதேடி:

ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர், எல்லோரும் 5ஆம் லெவல்: கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (திருட்டு வேலைக்காரர்), ஃபைட்டர் (போர்வீரர்). போன செஷனில் ஒரு தீவைத் தேடிக் கப்பல் ஏறினார்கள். தூரம் 864 மைல். 2014இல் வந்த டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் பாய்மரக் கப்பலுக்கு மணிக்கு 2 மைல் என்று இருக்கிறது, இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 48, ஆக 18 நாள். நாளுக்கு ஒரு டி20 (20 பக்க டைஸ்) உருட்டினேன், 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால் சண்டை. முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சாஹுவாகின் என்கிற மீன்மனிதர் கூட்டம் கப்பலில் ஏறியது, தூங்கி எழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்ததால் இருந்த ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) அத்தனையையும் கொட்டி இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார்கள். நான்காம் நாள் நான் டைஸை எடுக்கும்போது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் "நேரா தீவுக்கே போயிடலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு இந்தக் கடல் வேண்டும், கரை தெரிந்ததும் அவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம், ஸ்கர்வி (காய்கனி கிடைக்காமல் வரும் நோய்) என்று ஏதாவது சேர்க்கலாமா? அடுத்த செஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நடுக்கடல்:

முதலில் தினமும் உருட்டுவதை நிறுத்துங்கள். ஒன்றும் நடக்காத நாளை "மூன்று நாள் நல்ல காற்று" என்று ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம். 18 நாளில் அவர்கள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் மூன்று இருந்தால் போதும்.

உங்கள் உண்மையான சிக்கல் லாங் ரெஸ்ட், அதாவது ஸ்லாட்டையெல்லாம் திருப்பித் தரும் நீண்ட ஓய்வு. குகைக்குள் ஒரே நாளில் ஐந்தாறு சண்டை வரும், அதனால் ஸ்லாட்டைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள். கடலில் வாரத்துக்கு ஒரு சண்டை என்றால் சிக்கனத்துக்கு வேலையே இல்லை. அதே கையேட்டில் கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று விதி உண்டு, ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். கப்பலில் இருக்கும்வரை மட்டும் அதைப் போடுங்கள், அதையும் அடுத்த செஷன் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நடுவழியில் விதியை மாற்றினால் கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

இது உணவையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் என்கிற மூன்றாம் லெவல் மந்திரத்தை ஒருமுறை போட்டால் 15 பேருக்கு ஒரு நாள் போதும். மாலுமிகள் 20, உங்கள் ஆட்கள் 4, மொத்தம் 24. இரண்டு முறை போட வேண்டும். 5ஆம் லெவல் கிளெரிக்குக்கு மூன்றாம் லெவல் ஸ்லாட் இருப்பதே இரண்டு. வழக்கமான விதியில்கூட எல்லோருக்கும் சோறு போட்டால் அன்றைக்கு ரிவிவிஃபை (செத்தவரை எழுப்பும் மந்திரம், அதுவும் மூன்றாம் லெவல்) கிடையாது. கிரிட்டி விதியில் அந்த இரண்டு ஸ்லாட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான், அதுவும் ஏழு நாள் காவல் வேலை எதுவும் செய்யாமல் ஓய்வெடுத்தால். மற்றவர்கள் பாய் இழுத்துக் கை புண்ணாகிக் கிடக்கும்போது கிளெரிக் மட்டும் படுத்திருக்கலாமா என்று மேசையிலேயே பேச்சு கிளம்பும், அந்தப் பேச்சு ஓடட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

சுக்கான்பிடி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். "முடிவெடுக்கும் இடம்" எப்படி இருக்கும் என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான்காம் பதிப்பில், 2008இல், ஸ்கில் சேலஞ்ச் என்று வந்தது, மூன்று தோல்வி விழுவதற்குள் இத்தனை வெற்றி எடுக்க வேண்டும். யோசனை நல்லது, ஆனால் அப்படியே ஓட்டினால் ஒவ்வொருவரும் தன்னிடம் பெரிய எண் உள்ள ஸ்கில்லை (திறமையை) தேடிப்பிடித்து "நான் அத்லெட்டிக்ஸ் போடறேன்" என்று முடித்துவிடுவார்கள். நான் வரிசையை மாற்றினேன். ஒவ்வொரு ரவுண்டிலும் முதலில் கடல் என்ன செய்கிறது என்று நான் சொல்வேன், பிறகு உன் கை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறாய் என்று கேட்பேன், எந்த ஸ்கில் என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்வோம்.

இரவு, காற்று கப்பலைக் கரைப்பக்கம் தள்ளுகிறது, கீழே பாறை. முதல் ரவுண்டில் நங்கூரம் போட்டார்கள், பிடித்தது. இரண்டாவதில் நங்கூரம் தரையில் இழுபட ஆரம்பித்தது, கயிற்றில் கை வைத்தால் அதிர்வு தெரியும் என்று சொன்னேன், மேசை அமைதியாகிவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டுப் பாய் விரித்துத் தப்பப் பார்க்கலாம், அல்லது பாய்மரத்தை வெட்டித் தள்ளிக் காற்றின் பிடியைக் குறைக்கலாம், அல்லது எடை குறையச் சரக்கைத் தூக்கி எறியலாம். ரோக் கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றருகே உட்கார்ந்துகொண்டு "சொல்லுங்க, அறுக்கட்டுமா" என்று மூன்று முறை கேட்டாள். கடைசியில் சரக்கை எறிந்தார்கள். உருட்டலில் தோற்றாலும் கப்பல் மூழ்காது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன், எதையாவது இழப்பார்கள், அவ்வளவுதான். மூழ்கினால் கதையே நின்றுவிடும்.

அந்தச் சரக்குதான் அடுத்த இரண்டு செஷனுக்குத் தீனி போட்டது. ரோடியர்களின் கடல் சட்டம் என்று ஒன்று உண்டு, ரோமானியச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றது: கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கை எறிந்தால், சரக்கு தப்பித்தவர்கள் எல்லோரும் அந்த நஷ்டத்தில் பங்கு கொடுக்க வேண்டும். என் உலகத்திலும் அதை வைத்தேன். கரை சேர்ந்ததும் பட்டு வியாபாரி வந்து, அவர்கள் பையில் பத்திரமாக இருந்த மந்திர வாளுக்கும் விலை போட்டுப் பங்கு கேட்டார்.

கரைதேடி:

அந்த வாள் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஸ்கர்வி பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், நேவிகேட்டர்ஸ் டூல்ஸ் (கடலில் வழி பார்க்கும் கருவிகள்) வைத்திருக்கும் விசார்டுக்குத் தினமும் ஒரு சர்வைவல் ரோல் (வழி தவறாமலிருக்க டைஸ் உருட்டுவது) தவிர வேறு வேலை இல்லை.

இரண்டு_வரைபடம்:

ஸ்கர்வியை விடுங்கள், 18 நாளில் வராது. புதிய காய்கனி இல்லாமல் ஒன்றிரண்டு மாதமாவது போக வேண்டும். ஜேம்ஸ் லிண்ட் 1747இல் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோதித்ததும் பல வாரம் கடலில் கிடந்த கப்பலில்தான், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். உங்களுக்குத் தண்ணீர் போதும். விதிப்படி ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், 24 பேருக்கு 18 நாளுக்கு 432 கேலன். காற்று நின்று வெயில் ஏறினால் ஆளுக்கு இரண்டு. பாதிதான் குடித்தால் டிசி 15 கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று உருட்டி 15 எடுக்க வேண்டும்), தவறினால் ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு). ஒரு பீப்பாய் கசிந்திருப்பது ஏழாம் நாள் தெரியவரட்டும், வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.

விசார்டுக்கு நான் செய்வது இது. இரண்டு வரைபடம் வையுங்கள். ஒன்று உங்கள் திரைக்குப் பின்னால், கப்பல் உண்மையில் இருக்கும் இடம். இன்னொன்று விசார்ட் கையில், ஒரு பென்சிலோடு. அவருக்குக் கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் சொல்லுங்கள், கோடு போடுவது அவர் வேலை. பழைய மாலுமிகள் இப்படித்தான் செய்தார்கள்: முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு பலகையைக் கட்டிப் பின்னால் எறிந்து, மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணினார்கள், நாட் என்கிற அளவே அதிலிருந்து வந்ததுதான். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுவது அந்தக் கயிற்றுக்குத் தெரியாது. அதை உங்கள் வரைபடத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள். பத்து நாளில் இரண்டு கோடும் நன்றாக விலகியிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. நண்பகல் சூரிய உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும், ஆனால் 18ஆம் நூற்றாண்டில் நல்ல கடல் கடிகாரம் வரும்வரை நடுக்கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் தீவை நேரே குறிவைக்காமல், வேண்டுமென்றே கிழக்கே தள்ளிப் போய், தீவின் அட்சரேகையைத் தொட்டதும் மேற்கே திரும்பி அந்தக் கோட்டிலேயே ஓடுவார்கள். நேரே போனால் நாள் மிச்சம், ஆனால் தவறவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. சுற்றிப் போனால் மூன்று நாள் அதிகம், அதாவது 72 கேலன், பீப்பாயோ கசிந்துவிட்டது. இதை விசார்டிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

கரைதேடி:

நீரோட்டம் நாளுக்கு எத்தனை மைல் தள்ளலாம்?

இரண்டு_வரைபடம்:

நான் டி6 உருட்டி அத்தனை மைல், எப்போதும் ஒரே பக்கம். பக்கத்தை முதல் நாளே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். கவனிக்கிற ஆளுக்குத் துப்பும் கொடுங்கள், நீரோட்டம் தெற்கே தள்ளினால் இரவில் துருவ நட்சத்திரம் சுக்கான்காரர் சொன்ன இடத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து தெரிகிறது, அந்த மாதிரி. என் மேசையில் 11ஆம் நாள் ஒரு பிளேயர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு "நாம இங்க இல்ல" என்றார். அன்றைக்குச் சண்டையே கிடையாது, நான்கு பேரும் அந்தக் காகிதத்தின் மேல் குனிந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.