சிடி ஆஞ்சியோவில் 60% அடைப்பு: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது. படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களை ஸ்கேனில் படம் எடுப்பது) எடுத்தோம். எல்ஏடி என்ற, இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாயில் 60% அடைப்பு, கால்சியம் அதிகம் என்று ரிப்போர்ட். இதை அப்படியே நம்பலாமா, இல்லை குழாய் விட்டு ஆஞ்சியோ பார்த்தே ஆக வேண்டுமா? பயமாக இருக்கிறது.

பதில் 1:
அடைப்பு இல்லை என்று சிடி சொன்னால் பெரும்பாலும் தைரியமாக நம்பலாம், அதுதான் அதன் பலம். இருக்கிறது என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் கால்சியம் படிந்த இடம் படத்தில் பளீரென்று வெள்ளையாகப் பரவி, அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டிவிடும்.

பதில் 2:
எனக்கு எடுத்த அன்று நாடித்துடிப்பு 82. மாத்திரை கொடுத்து, 60 பக்கம் இறங்கும்வரை உட்கார வைத்திருந்தார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கிவிடும். ரிப்போர்ட்டில் படத்தின் தரம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பதில் 3:
60% இரண்டும்கெட்டான் அளவு. அதனால் ரத்த ஓட்டம் குறைகிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு ஸ்ட்ரெஸ் பரிசோதனையோ (இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பது) எஃப்எஃப்ஆரோ (அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2018-இல் வந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான பரிசோதனைகளோடு சிடி ஆஞ்சியோவும் சேர்த்து எடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ 2.3%, மற்றவர்களில் 3.9%. மருந்தை விடாமல் கொடுங்கள். அப்புறம், சும்மா இருக்கும்போதே வலி வந்தால் எதற்கும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.