நம்ம வீடு குழு: தாம்பரம் அவுட்டர்ல நிக்கிற வண்டி

அக்கா: இன்னைக்கும் லோக்கல் ட்ரெயினைத் தாம்பரத்துக்கு முன்னாடி அவுட்டர்ல, ஸ்டேஷனுக்கு வெளிய சிக்னல்ல, நிறுத்திப் போட்டுட்டாங்க. 11 நிமிஷம் ஆச்சு. பக்கத்துல கீரைக்கார அம்மா, சாக்கு மேல பாட்டில் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே வர்றாங்க. வாடிட்டா மாம்பலத்துல பாதி விலைகூடப் போகாதாம்.

அம்மா: சாப்பிட்டியாடி?

அக்கா: டப்பால இருக்கும்மா. கை எடுக்கக்கூட இடமில்ல.

தம்பி: கொஞ்சம் வேகமா ஓட்டினா என்னவாம்?

பெரியப்பா: வேகத்துல இல்லப்பா விஷயம். 31 வருஷம் மோட்டர்மேனா இருந்தவன் சொல்றேன். வண்டி வேகம் எடுக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன் வந்துடும். முன்னாடி ஒரு வண்டி போனா சிக்னல் டபுள் எல்லோ, அப்புறம் எல்லோ, வேகத்தைக் குறைன்னு அர்த்தம். ஊர்ந்துதான் போகணும்.

பெரியப்பா: எக்மோர்–தாம்பரம் 4 லைன். தாம்பரம்–செங்கல்பட்டு 3 தான். லோக்கலுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு. எக்ஸ்பிரஸுக்கும் அப்படித்தான், ஆக 4 வேணும். 3 லைனை வச்சுக்கிட்டு யாராவது ஒருத்தர் காத்திருந்துதான் ஆகணும். நெல்லை, முத்துநகர், அனந்தபுரின்னு தெற்கத்தி வண்டிங்க உள்ள வர்ற அதே காலைலதான் நீயும் ஆபீஸுக்குக் கிளம்புற.

சித்தி: பொங்கல் முடிஞ்சு நாமளும் அதுலதானே திரும்புறோம். அதை நிறுத்தி வைன்னும் சொல்ல முடியாது.

தம்பி: அப்ப 4வது லைன் வந்தாத்தான் விடிவு.

பெரியப்பா: ஆமா, ஆனா லைன் போடறது லேசில்ல. அந்தப் பக்கம் பீச் ஸ்டேஷன்–எக்மோர் நடுவுல 4வது லைன் போடறதுக்காகத்தான் 2023 ஆகஸ்ட்ல, வேளச்சேரிலேர்ந்து பீச்சுக்கு வர்ற பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்தினாங்க. மறுபடி பீச் வரைக்கும் விட 14 மாசம் ஆச்சு.

சித்தி: அந்த 14 மாசமும் பஸ் மாறி மாறிப் போனவ நான்.

பெரியப்பா: லைன் மட்டும் போதாது. ஸ்டேஷன்ல நிக்கிறது அரை நிமிஷம். மேம்பாலப் படி இறங்குற இடத்துலயே எல்லாரும் முண்டியடிக்கிறாங்க, கடைசிப் பெட்டி காலியா போகுது. ஸ்டேஷனுக்கு 20 செகண்ட் கூடுதலா நின்னா, தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவுல 16 ஸ்டேஷன், 320 செகண்ட். 5 நிமிஷத்துக்கு மேல. பின்னாடி வர்ற வண்டிக்கும் அது சேர்ந்து விழும்.

அக்கா: நீங்களே ஒரு மனு எழுதுங்க பெரியப்பா. எங்க லேடீஸ் பெட்டி முழுக்கக் கையெழுத்து வாங்கித் தர்றேன்.

பெரியப்பா: ராத்திரி எழுதிடறேன். தாம்பரம்–செங்கல்பட்டு 4வது லைனைச் சீக்கிரம் முடிங்க, அதுவரைக்கும் காலை லோக்கலுக்கு வழி விடற மாதிரி டைம்டேபிளை மாத்துங்க, பிளாட்பாரத்தோட அந்தக் கோடியிலயும் ஒரு படி வைங்க. இது மூணும் கட்டாயம்.

அக்கா: நடுவுல நின்னா எதுக்கு நிக்குதுன்னு மைக்ல சொல்லணும்னும் சேருங்க. கீரைக்கார அம்மா நாலு தடவை என்னைக் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்?

பெரியப்பா: சேர்த்துடறேன்.

அக்கா: சிக்னல் விழுந்துடுச்சு, நகருது. மாம்பலத்துல அவங்க ரெண்டு சாக்கை இறக்கணும். ஒண்ணை நான் பிடிச்சுக்கறேன், அப்புறம் பேசறேன்.