பெரியப்பா தொட்டி விளக்கு

குழு: நம்ம வீடு

அகிலா அக்கா: அப்பா உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் இடது பக்க நீல விளக்கு காலையிலிருந்து எரியவில்லை. வெள்ளை மட்டும் மினுக்குகிறது. ரவி, படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல். மாமா நாளை கிளம்புகிறார். புதிதாக வாங்குவதென்றால் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

மாமா: பெட்டியில் இடம் இருக்கிறது. எத்தனை வாட் என்று மட்டும் சொல்லுங்கள்.

சித்தி: காலை வணக்கம் 🌹🌹 எல்லோருக்கும் நல்ல நாளாக அமையட்டும்

அத்தை: அண்ணாவுக்கு சுகர் பார்த்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அகிலா அக்கா: பார்த்தாயிற்று அத்தை. நார்மல்.

ரவி அண்ணன்: படம் பார்த்தேன் அக்கா. ஒரு வரிசை எல்.இ.டி. எல்லாம் தொடராகக் கோத்தவை, ஒன்று அறுந்தால் வரிசையே அணைந்துவிடும். மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பு. அது உள்ளே இறங்கி அரித்திருக்கும். மினுக்குகிறது என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடு, ஈரக் கையோடு தொடாதே. பதற வேண்டாம். சில நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் பவளம் செத்துவிடாது. கடலிலும் மழை மூட்டம் வருகிறதே.

பெரியப்பா: பழையது மாதிரியே வாங்கினால் போதும். திருகினால் கூடும், திருகினால் குறையும். ஆப் எல்லாம் வேண்டாம்.

அகிலா அக்கா: நீங்கள் வெளியூர் போனால் யார் திருகுவது அப்பா?

பெரியப்பா: நான் எங்கே போகிறேன்

அத்தை: 😂 அதுவும் சரிதான்

ரவி அண்ணன்: மாமா, வாட்டை விடுங்கள். பவளத்தின் திசுவுக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கு ஊட்டுகிறது. அந்தப் பாசி அதிகம் உறிஞ்சுவது 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதாவும் நீலமும். அதனால் நீலம் தனி, வெள்ளை தனி என்று பிரித்துக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். எல்லாம் ஒரே திருகியில் இருந்தால் அந்த விளக்கை எடுக்கவே வேண்டாம். வெளிச்சத்தைப் பிஏஆர் அளவில் கேளுங்கள், அதாவது பாசி உணவு தயாரிக்கப் பயன்படும் வெளிச்சம் எவ்வளவு என்று. அடியில் இருக்கும் காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். டார்ச் பவளத்துக்கு 100 முதல் 150. பாறை உச்சியில் பெரியப்பா வைத்திருக்கும் அக்ரோபோரா பவளத்துக்கு 250க்கு மேல் வேண்டும். தொட்டி 4 அடி நீளம், 2 அடிக்கு ஒன்றாக 2 விளக்கு வாங்க வேண்டும். ஒன்றையே நடுவில் மாட்டி முழுதாக ஏற்றினால் ஓரம் இருட்டாகவும் நடுப்பகுதி கருகியும் போகும்.

மாமா: 👍 கடைக்குக் கிளம்புகிறேன்

சித்தி: அந்த நீல வெளிச்சத்தில் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெள்ளையாகவே வாங்கக் கூடாதா?

அத்தை: முன்பு மெட்டல் ஹேலைடு விளக்கு இருந்ததே, அது வெள்ளையாகத்தான் இருந்தது. ஹாலே அடுப்படி மாதிரி இருக்கும். அண்ணி விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

பெரியப்பா: அந்த டார்ச் அவள் வைத்தது.

அகிலா அக்கா: அதனால்தான் சொல்கிறேன். போன தடவை எல்லோரும் வந்தபோது போட்டோவுக்காக யாரோ வெள்ளையை முழுதாக ஏற்றிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். அம்மாவின் டார்ச் பாதி வெளுத்துவிட்டது.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: குழந்தைகள் கையில் எட்டுகிற இடத்தில் திருகி இருந்தால் தொடத்தான் செய்வார்கள்.

அகிலா அக்கா: நான் யார் பெயரையும் சொல்லவில்லை சித்தி.

அத்தை: பழசை விடுங்கள். மூட்டுவலித் தைலம் கேட்டேனே, யாராவது வாங்கினீர்களா?

ரவி அண்ணன்: அந்த டார்ச் தேறிவிட்டது, நானே பார்த்தேன். வெளிச்சம் திடீரென ஏறினால் உள்ளே இருக்கும் பாசி நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பது அதனால்தான். இப்போதும் அந்த ஆபத்து உண்டு. பழைய விளக்கு தேய்ந்து மங்கியது, அதில் 80 சதவீதம் வைத்தோம் என்று புதியதிலும் 80 வைத்தால் டார்ச் தாங்காது. 30, 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் கூட்டலாம்.

மாமா: கடையில் இருக்கிறேன். என் போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் இருக்கிறது. பார்க்கட்டுமா?

ரவி அண்ணன்: வேண்டாம் மாமா. அது லக்ஸ் காட்டும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான கணக்கு, நீலத்தைக் குறைத்தே காட்டும். தண்ணீருக்குள் விட்டு பிஏஆர் அளக்கும் அப்போஜி மீட்டர் ஒரு நண்பனிடம் இருக்கிறது. மாட்டிய பிறகு அதை வாங்கி வருகிறேன்.

மாமா: 2 மாடல் காட்டுகிறார். ஒன்று ஆப். இன்னொன்றில் பட்டன், சின்ன திரை. தம்பி மகன் வெளிச்சம் குறைக்கும் டிம்மரை வீட்டிலேயே மாட்டலாம் என்கிறான், சுவரில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

ரவி அண்ணன்: அதை மட்டும் செய்யவே கூடாது. அது ஏசி அலையை வெட்டும். விளக்குக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டிதான் டிரைவர். அதற்கென்று செய்யாத எல்.இ.டி. டிரைவர் என்றால் விளக்கு மினுக்கும், டிரைவர் சீக்கிரம் கெட்டும் போகும். குறைப்பதை டிரைவரே செய்ய வேண்டும். ஒன்று, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிப்பது, அதுதான் பிடபிள்யூஎம். இன்னொன்று, 0 முதல் 10 வோல்ட் சமிக்ஞைக்கு ஏற்ப மின்னோட்டத்தையே குறைப்பது. பிடபிள்யூஎம்மில் வேகம் போதாவிட்டால் போன் வீடியோவில் கோடு கோடாக ஓடும். 20 சதவீதத்தில் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். அப்புறம் கடைக்காரரிடம் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் நேரம் நினைவில் இருக்குமா? சிலவற்றில் கடிகாரம் 12 மணிக்குப் போய்விடும், நடுராத்திரியில் உச்சி வெயில் அடிக்கும். வைஃபை இல்லாமலும் அட்டவணை ஓடுமா என்பதையும் கேளுங்கள்.

பெரியப்பா: பட்டன் இருப்பதே நல்லது.

அகிலா அக்கா: பட்டன் என்றால் பூட்டு இருக்கிறதா பாருங்கள் மாமா. யார் கை பட்டாலும் மாறக் கூடாது.

மாமா: பட்டனில் நேரம் நிற்கும், உள்ளே பேட்டரி உண்டு என்கிறார். பூட்டும் உண்டு. வீடியோவில் கோடு வரவில்லை. ஆனால் மெதுவாக ஏறி இறங்குவது ஆப்பில்தான் நிமிடக் கணக்கில் வைக்கலாமாம். பட்டனில் 1 மணி நேரம் என்று ஒரே அளவு.

ரவி அண்ணன்: 1 மணி நேரம் போதும். காலை 11க்கு நீலம் ஏறத் தொடங்கட்டும், 1 முதல் 7 வரை வெள்ளையும் சேர்ந்து எரியட்டும், 9க்கு முழுதாக அணைந்துவிடும். சித்தி மாலையில் நூல் கோக்கலாம்.

சித்தி: 🙏

அகிலா அக்கா: எனக்கு ஆப்தான் வேண்டும். ஆபீஸிலிருந்தே பார்க்கலாம். இல்லாவிட்டால் தினமும் அப்பாவுக்குப் போன் செய்து எரிகிறதா என்று கேட்க வேண்டும்.

பெரியப்பா: கேட்டால் என்ன?

அத்தை: 😂😂

சித்தி: வேறு பவளம் வாங்கப் போகிறீர்களா? கடலில் பிடுங்கியதா?

ரவி அண்ணன்: வேண்டாம் சித்தி. கல் பவளங்கள் எல்லாம், அருகி வரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் இருக்கின்றன. இருப்பதிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் வளரும்.

மாமா: கடைக்காரர் மூடப் பார்க்கிறார். 1 எடுக்கவா 2 எடுக்கவா? பட்டனா ஆப்பா?

பெரியப்பா: 1 போதும். பிடித்தால் அப்புறம் பார்க்கலாம்.

ரவி அண்ணன்: பெரியப்பா, 2 வேண்டும். ஓரத்தில்தான் டார்ச் இருக்கிறது.

பெரியப்பா: சரி, 2.

அகிலா அக்கா: அப்போ ஆப்?

மாமா: சார்ஜ் 3 சதவீதம். பட்டன் 2 எடுக்கிறேன், ஆப்புக்கு மாற்றித் தருவாரா என்று கேட்கிறே

அத்தை: தைலத்தையும் கேளுங்கள்