செல்போன் ஸ்டார்ட்டரால் (போன் போட்டு பம்ப்செட் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவி) வந்த வசதி, வந்த வினை: பார்த்ததை எழுதுங்கள்

மேட்டாங்காடு:
பம்ப் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டு கயிற்றை மாற்ற ஆள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கியாயிற்று, அவ்வளவுதான். பேனல் ஆட்டோவில், அதாவது கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் நிலையில் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. இடையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மேலே ஸ்டார்ட்டருக்குள் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்க்கும் சுவிட்ச்) ‘டக்’கென்று இழுத்தது, கீழே ஷாஃப்ட் சுற்றியது. அவர் பாதி உருவியிருந்த பழைய கயிறு விரலிடுக்கிலிருந்து பறந்து ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது. விரல் தப்பியது.

சிவப்புப் பொத்தான் மோட்டாரை நிறுத்துமே தவிர லைனைத் துண்டிக்காது. ஆட்டோவில் இருக்கும் கருவிக்குக் கரண்ட் வந்தால் போதும், வீட்டில் யாராவது போன் போட்டாலும் போதும், மோட்டார் ஓடிவிடும். மெயின் சுவிட்சை இறக்குங்கள். மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி, உள்ளே இறங்குகிறவர் சட்டைப்பையிலேயே போடுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று வயரிலும் டெஸ்ட் லேம்ப் வைத்து, கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு இறங்கட்டும்.

தென்னந்தோப்பு:
அண்ணா சொல்வது சரிதான். அதற்காகக் கருவியே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். மும்முனை கரண்ட் நடுராத்திரி வரும் ஊரில், டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடப்பது என்றால் என்ன என்று தெரியும்தானே? கண்ணாடி விரியன் படுத்திருந்தால் மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நடை மிச்சமானதே பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரு போர்வெல்லில் ஊற்று நின்றுபோய், போன் மட்டும் ‘மோட்டார் ஓடுகிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சப்மெர்சிபிளை (தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டாரை) மேலே தூக்கிப் பிரித்தால், தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டையாக வந்தன. புஷ் கரிந்து கறுப்பு. காரணம் சின்னது. அந்தக் கருவிக்கு சிடி காயில் (மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கும் வளையம்) மாட்டவே இல்லை. கான்டாக்டர் இழுத்திருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். வாங்கும்போது “ஆம்பியர் எவ்வளவு என்று போனில் சொல்லுமா?” என்று கேளுங்கள். சொல்லாது என்றால் அது வெறும் சுவிட்ச்.

பேனல்போர்டு:
தென்னந்தோப்பு தம்பி, சிடி மாட்டினால் மட்டும் ஆகாது, செட்டிங் வேண்டும். பெரும்பாலும் கம்பெனி வைத்து அனுப்பிய அளவிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் முழுக் குழாயாகக் கொட்டும்போது கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) மூன்று வயரிலும் தனித்தனியாக வையுங்கள். 5 ஹெச்பி என்றால் சுமார் 7.5 ஆம்பியர், சப்மெர்சிபிளில் கொஞ்சம் கூடும். 8 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது அது 5 பக்கம் இறங்கும். ட்ரை ரன்னை, அதாவது தண்ணீர் இல்லை என்று மோட்டாரைக் கட் செய்யும் அளவை 6.5-ல் வையுங்கள். 5-லேயே வைத்தால் கட் ஆகாது, 7.5-ல் வைத்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலே நின்று நின்று போகும். கட் ஆன பிறகு மறுபடி ஓடும் நேரத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஊற்று ஊறாது. உங்கள் கிணறு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறதோ அதுதான் கணக்கு. கோடையில் 3 மணி நேரம்கூட வைக்கலாம்.

மோட்டார் கிணற்றின் மேலே இருந்தால் ஃபுட்வால்வ் (சக்ஷன் குழாய் அடியில் தண்ணீர் இறங்காமல் தாங்கும் வால்வு) கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கசிந்தால் ராத்திரிக்குள் சக்ஷன் குழாய் காலி. காலையில் போனில் போட்டால் பம்ப் காற்றைத்தான் சுற்றும். நேரில் போகிறவர் குழாய் வாயைப் பார்த்து உடனே நிறுத்திவிடுவார், தண்ணீர் ஊற்றிப் பிரைம் செய்வார். போனுக்கு அது முடியாது.

மும்முனை இல்லாத நேரத்தில் கன்டென்சர் போட்டு ரெண்டு பேஸில் மோட்டாரை ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பேஸ் இல்லை என்று கருவி ஓட மறுக்கும். உடனே அந்தச் சிங்கிள் பேஸ் பாதுகாப்பை (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அப்புறம் மும்முனையில் ஓடும்போது ஒரு பீஸ் போனால், மோட்டார் உறுமிக்கொண்டு கூடுதல் கரண்ட் இழுத்துச் சில நிமிடத்தில் காயில் கருகும். ஊரில் இல்லாதபோது அந்த உறுமலைக் கேட்க ஆள் ஏது?

கொங்குக்காடு:
நீங்க எல்லாரும் உங்க மோட்டாரை மட்டும் பாக்கறீங்க. டிரான்ஸ்பார்மரை யார் பாக்கறதுங்க? ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கற தோட்டமெல்லாம் ஆட்டோ. கரண்ட் வந்த அதே நொடி எல்லா மோட்டாரும் சேர்ந்து கிளம்புது. நேரடி ஸ்டார்ட்டர்னா கிளம்பறப்ப வழக்கமான கரண்ட்டைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். வோல்டேஜ் படுத்துடும், பாதி மோட்டார் கிளம்பாம முனகும், டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிடும். லைன்மேன் வந்து போடுவார், மறுபடி அதேதான். எங்க பக்கம் இது நடக்காத மாசமே இல்லீங்க.

கருவியில ‘பவர் ஆன் டிலே’ இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்களோட பேசி ஒருத்தர் 30 செகண்ட், அடுத்தவர் 60, அதுக்கடுத்தவர் 90-னு வெச்சுக்குங்க. 10 ஹெச்பிக்காரர் கடைசியா வரட்டும்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல விவசாயக் கரண்டுக்குக் கட்டணம் இல்லை. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சுனு எந்த பில்லும் சொல்லாது. ஆட்டோவில போட்டுட்டுத் தூங்கினா வரப்பு உடைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போகுது, போர்ல மட்டம் இறங்குது. ஆட்டோவை விட்டுட்டு டைமர்ல போடுங்க, 2 மணி நேரத்துல தானா நிக்கட்டும்.

வாழைக்கொல்லை:
சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் டைமரை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா கேட் வால்வும் மூடியிருக்கும்போது போனில் போட்டால், அழுத்தம் ஏறி ஃபில்டர் மூடி தெறிக்கும் அல்லது பிவிசி ஒட்டு விடும். கிளம்பும்போதே அடுத்த பகுதி வால்வைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.

சிம் பற்றி ஒரு வார்த்தை. பழைய கருவி 2ஜி. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் தேதி தாண்டிப்போனால் இன்கமிங்கும் நின்றுவிடலாம், ஓடுகிற மோட்டாரைப் போனில் நிறுத்தக்கூட முடியாது. உள்ளே இருக்கும் பேட்டரி ஊதிப்போனால் ‘கரண்ட் போய்விட்டது’ என்ற அழைப்பும் வராது. மழைக்காலத்துக்கு முன் பேனலைத் திறந்து பாருங்கள். கான்டாக்டர் இடுக்கில் பல்லி நசுங்கி ஒட்டியிருந்தால் ஒரு பேஸ் சரியாகச் சேராது.

வேளாண் பொறியியல் துறையில் செல்போன் ஸ்டார்ட்டருக்கு மானியம் தருகிறார்கள். சிறு, குறு விவசாயி என்றால் பாதி விலை வரை கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் சிடி காயில் உள்ள மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டாங்காடு:
கொங்குக்காடு, டிலே கணக்கு நல்லது. ஆனால் 30 செகண்ட் இடைவெளி ஸ்டார்-டெல்டாவுக்கு (கிளம்பும்போது குறைவான கரண்ட் இழுக்கும் ஸ்டார்ட்டர்) போதும். பழைய நேரடி ஸ்டார்ட்டர் நிறைய உள்ள லைனில், வோல்டேஜ் திரும்ப நிமிர்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு இடைவெளியைக் கூட்டுங்கள்.