பொய்ச் செய்திக்கு அபராதம் விதித்தால் ஊடகங்களின் மீது நம்பிக்கை திரும்புமா?

கீழைக்காற்று:
ஊடகங்களின் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று புலம்புகிறோமே தவிர, தவறான செய்தி வெளியிட்டவர்கள் அதற்காக என்ன இழந்தார்கள் என்று கேட்பதில்லை. காலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பின்படி, ஊடகங்களை நம்பும் அமெரிக்கர்கள் 1976-இல் 72 விழுக்காடு. 2024-இல் 31 விழுக்காடு. இது பெரும்பாலும் ஊடகங்கள் தாமே தேடிக்கொண்ட சரிவு. அணு ஆயுதத் திட்டத்துக்காக ஈராக் அலுமினியக் குழாய்களை வாங்க முயல்கிறது என்று 2002 செப்டம்பர் 8 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுதியது. பெயர் சொல்லாத அதிகாரிகளே அதற்கு ஆதாரம். அன்றே தொலைக்காட்சியில் பேசிய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னி அந்தச் செய்தியையே சுட்டிக்காட்டினார். அதாவது, அதிகார வட்டாரம் சொன்னதை நாளிதழ் அச்சிட்டது. அந்த அச்சையே அதிகாரம் சான்றாகக் காட்டியது. தன் ஈராக் செய்திகளில் குறை இருந்ததென்று அந்நாளிதழ் 2004 மே 26 அன்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் குறிப்பு இடம்பெற்றதோ உள்ளே பத்தாம் பக்கத்தில். பொய்ச் செய்திக்கு அபராதம் விதிக்கும் சட்டபூர்வ ஆணையம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மைக்கூடு:
நண்பர் காட்டிய சான்று வலுவானது. அதிலிருந்து அவர் எட்டும் முடிவுதான் இடிக்கிறது. அங்கே தவறான தகவலின் ஊற்றே அரசு. அதே காலத்தில் நைட் ரிடர் என்ற அமெரிக்க நாளிதழ்க் குழுமத்தின் செய்தியாளர்கள் அரசின் கூற்றுகளை ஐயுற்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று ஓர் ஆணையம் இருந்திருந்தால், விளக்கம் கேட்டு முதலில் யாருக்குக் கடிதம் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பிழையைத் தண்டிக்கும் அதிகாரம் எப்படிப் பயன்படும் என்பதற்கு அமெரிக்காவின் சல்லிவன் வழக்கே போதும். 1960-இல் நியூயார்க் டைம்ஸில் வெளியான ஒரு விளம்பரம், மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைது செய்யப்பட்டதாகக் கூறியது. உண்மையில் நான்கு முறைதான். இத்தகைய சில்லறைப் பிழைகளை வைத்து, விளம்பரத்தில் பெயர்கூடக் குறிப்பிடப்படாத சல்லிவன் என்ற அதிகாரிக்கு 5 லட்சம் டாலர் தரும்படி அலபாமா நீதிமன்றம் அந்நாளிதழுக்கு உத்தரவிட்டது. பொய்யென்று தெரிந்தோ, மெய்யா பொய்யா என்று சற்றும் பொருட்படுத்தாமலோ வெளியிட்டதை அதிகாரிதான் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியிராவிட்டால், அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் மீது நடந்த அடக்குமுறையை எழுதவே பல இதழ்கள் தயங்கியிருக்கும்.

நடுப்பக்கம்:
இருவரும் பொய்யைப் பற்றியே பேசுகிறீர்கள். சார்புக்குப் பொய் தேவையில்லை. "போராட்டத்தில் வன்முறை: இருவர் பலி" என்பதும் "காவலர்கள் சுட்டதில் இருவர் பலி" என்பதும் ஒரே நிகழ்வுக்கான உண்மையான தலைப்புகளாக இருக்கலாம். முதல் தலைப்பில் கொன்றவர் காணாமல் போகிறார். எந்த ஆணையம் இதற்கு அபராதம் விதிக்கும்? வாசகர் மட்டும் இதைக் கண்டுகொள்கிறார், பத்து முறை கண்ட பிறகு உண்மைச் செய்தியையும் நம்ப மறுக்கிறார். (செய்தியாசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர், இரவுப் பணியில் இருக்கும் துணை ஆசிரியருக்கே இது நன்றாகத் தெரியும்.)

கீழைக்காற்று:
தலைப்பைச் சட்டத்தால் திருத்த முடியாது என்பதை ஏற்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் ஆசிரியர்களின் மனச்சாட்சிக்கே விட்டுவிட முடியுமா? ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழ் தகவல் சரிபார்ப்புக்கென்றே பெரிய துறை வைத்திருந்தது. இருந்தும் கிளாஸ் ரெலோட்டியுஸ் கற்பனை மனிதர்களையும் உரையாடல்களையும் பல ஆண்டுகள் அதில் எழுதினார். ஐயம் எழுப்பிய சக செய்தியாளர் ஹுவான் மொரேனோவை முதலில் நிர்வாகம் நம்பவில்லை.

மைக்கூடு:
ஆனால் 2018 டிசம்பரில் அந்த மோசடியை உலகுக்குச் சொன்னதும் அதே இதழ்தான். நான் சட்டமே வேண்டாம் என்பவன் அல்லன். பிரான்சின் 1881-ஆம் ஆண்டுச் சட்டம், செய்தியில் குறிப்பிடப்பட்டவருக்கு மறுமொழி உரிமை தருகிறது. மூலச் செய்தி வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் மறுமொழி வர வேண்டும். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் வேலை இதில் அரசுக்கு இல்லை. பத்தாம் பக்கத்தில் ஒளித்து வைக்கும் வழக்கத்துக்கு நல்ல மருந்து இது.

கீழைக்காற்று:
மருந்து நல்லதுதான், ஆனால் அதைக் கேட்கும் உரிமை செய்தியில் குறிப்பிடப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. அலுமினியக் குழாய்ச் செய்தியால் ஏமாந்த வாசகர் எந்த உரிமையைக் கொண்டு முதல் பக்கத்தைக் கேட்பார்? அபராதத்தைக் கைவிடத் தயார். திருத்தம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தையாவது ஓர் அமைப்புக்குக் கொடுங்கள்.

மைக்கூடு:
அந்த அமைப்பின் உறுப்பினர்களை நியமிப்பவர் யார் என்பதை முதலில் எழுதுங்கள். மீதியை அதன் பிறகு பேசுவோம்.