இரண்டு வெளிர் கிரே: படுக்கையறைக்கு எதை அடிக்கலாம்?

கேள்வி:
வணக்கம். மதுரையில் எங்கள் பழைய வீட்டில், அப்பா அம்மா படுக்கும் அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். பட்டி, பிரைமர் முடிந்துவிட்டது. ஷேடு கார்டில் இரண்டு வெளிர் கிரே எடுத்து வைத்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எது எதென்றே தெரியவில்லை. பக்கத்தில் வைத்தால் ஒன்றில் லேசாக நீலம் தட்டுகிறது, மற்றதில் பழுப்பு. எனக்கு நீலம்தான் பிடித்திருக்கிறது. பெயின்டரோ, "ரெண்டும் ஒண்ணுதான் சார், எதையாவது சொல்லுங்க" என்கிறார். அப்படியா?

பதில் 1:
இல்லை. கார்டில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் நாலு சுவரிலும் ஏறினால் நன்றாகத் தெரியும். சன்னல் எந்தத் திசை, தரை என்ன நிறம், ராத்திரிக்கு என்ன விளக்கு?

கேட்டவர்:
வடக்கே ஒரே சன்னல். தரை பழைய ரெட் ஆக்சைடு. விளக்கு எல்இடி டியூப், பெட்டியில் 6500கே என்று போட்டிருக்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் நீல கிரே வேண்டாம் என்பேன். வடக்குச் சன்னலில் வருஷத்தின் பெரும்பகுதி நேர் வெயில் வராது, வானத்து வெளிச்சம்தான். அதிலேயே நீலம் உண்டு. 6500கே என்பது விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், அந்த விளக்கும் அதே நீல ரகம். அதைவிட உங்கள் தரைதான் முக்கியம். சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும். நீல கிரே மேல் அது விழுந்தால் கத்தரிப்பூ நிறம் தட்டும்.

ஆனால் நான் சொல்கிறேன் என்று வாங்கிவிடாதீர்கள். இரண்டிலும் சாம்பிள் டப்பா வாங்கி, தனித்தனிப் பெரிய அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் முடிவு செய்ய வேண்டாம், எமல்ஷன் காய்ந்தால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். ஒரு நேரத்துக்கு ஒரு அட்டையை மட்டும் தரையை ஒட்டி நிறுத்திப் பாருங்கள், அப்புறம் சன்னலுக்கு எதிர்ச்சுவரில். காலையிலும் பாருங்கள், விளக்குப் போட்டும் பாருங்கள்.

பதில் 2:
அண்ணா, ஷேடு விவரத்தில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் கணக்கு அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. ஒரே சன்னல் அறை என்பதால் எண் கூடுதலாக உள்ளதை எடுங்கள். வயதானவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். டியூபையும் நீலம் குறைந்த 4000கே ஆக்கினால் அறை இதமாக இருக்கும்.

கேட்டவர்:
அட்டை வைத்துப் பார்த்துவிட்டோம். தரையை ஒட்டி வைத்ததும் நீலத்தில் கீழே ஒரு சாண் உயரத்துக்கு ஊதா ஏறிவிட்டது. சன்னல் பக்கம் அதே அட்டை அழகாகத்தான் இருந்தது. பழுப்பு கிரே எல்லா இடத்திலும் கிரேயாகவே நின்றது. அம்மாவும் அதையே கைகாட்டினார். எல்ஆர்வியும் அதற்குத்தான் கூடுதல். அதையே வாங்குகிறோம், இருவருக்கும் ரொம்ப நன்றி.

பதில் 1:
நல்லது. நாலு சுவருக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் லேசாக மாறலாம். டின் மூடியில் ஒட்டும் ஷேடு எண் சீட்டை போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் டச்சப்புக்கு உதவும்.