அகர் தட்டின் வளையத்தை மட்டும் வைத்துத் தாமிர அணைவின் திறனைச் சொல்லலாமா?

கேள்வி
முதுகலை ஆய்வேட்டுக்காகச் சாலிசிலால்டிஹைடையும் அனிலினையும் எத்தனாலில் வினைப்படுத்தி ஷிஃப் காரம் (C=N பிணைப்புள்ள சேர்மம்) ஒன்றைப் பெற்று, அதை ஈனியாக, அதாவது உலோக அயனியுடன் பிணையும் மூலக்கூறாகக் கொண்டு, தாமிரம்(II), துத்தநாகம்(II) அணைவுகளைத் தயாரித்துள்ளேன். மூன்றையும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்து, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் செறிவில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா மீது வட்டு விரவல் முறையில் (சேர்மம் தோய்ந்த வட்டை அகரில் வைத்து, அதைச் சுற்றி நுண்ணுயிர் வளராத வளையத்தை அளப்பது) சோதித்தபோது, தாமிர அணைவின் வளையம் ஈனியினுடையதைவிடப் பெரிதாக இருந்தது. துத்தநாக அணைவுக்கு வளையமே இல்லை. கொடுக்கிணைப்பால் (ஈனி உலோகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களால் பற்றுவதால்) கொழுப்பில் கரையும் தன்மை கூடி, அணைவு செல்சவ்வை எளிதில் கடக்கிறது என்ற ட்வீடியின் விளக்கத்தை எழுதி முடித்துவிடலாமா?

மறுமொழி 1
அந்த விளக்கம் இத்துறைக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் வழக்கமாக ஒட்டப்படுவது. உங்கள் தரவு அதை நிறுவவில்லை. சேர்மம் அகரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தே வளையம் அமைகிறது என்பதால், நீரில் கரையாத துத்தநாக அணைவு வட்டிலேயே படிந்து நின்றிருக்கக்கூடும். திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டறிந்து, ஒப்பீட்டை மோலில் செய்யுங்கள். ஈனியின் மூலக்கூறு நிறை சுமார் 197. இரண்டு ஈனிகள் கொண்ட தாமிர அணைவினுடையது சுமார் 456. ஆகவே அதே 100 மைக்ரோகிராம் முன்னதில் ஏறத்தாழ 507 மைக்ரோமோலார், பின்னதில் 219 மட்டுமே. (இக்கணக்கு உங்களுக்குச் சாதகமானதுதான்.)

மறுமொழி 2
தாமிர அயனிக்கே நுண்ணுயிரைக் கொல்லும் ஆற்றல் உண்டு. எனவே அதே மோல் செறிவில் தாமிர அசிடேட், ஈனியும் அசிடேட்டும் கலந்த கரைசல், வெறும் டிஎம்எஸ்ஓ ஆகிய மூன்றும் கட்டுப்பாடுகளாக இருந்தே ஆக வேண்டும். மேலும், ம்யூலர்-ஹின்டன் ஊடகத்தில் நிறைந்துள்ள கேசீன் நீராற்பகுப்புப் பொருளின் அமினோ அமிலங்கள் தாமிரத்தைப் பறித்துக்கொள்ளக்கூடும். ஈனியின் அசோமீத்தின் (C=N) பிணைப்பும் நீரில் சிதையலாம். 18 மணி நேரத்துக்குப் பின் சோதனைத் தட்டின் குழியில் இருப்பது நீங்கள் தயாரித்த அணைவுதானா என்பதை, நுண்ணுயிர் சேர்க்காத அதே ஊடகத்தில் புறஊதா-கட்புல நிறமாலை எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்
அணைவு ஊடகத்தில் வீழ்படிவாகி, குழி கலங்கித் தெரிந்தால் அதை வளர்ச்சியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி 1
நுண்ணுயிர் சேர்க்காத குழியுடன் ஒப்பிட்டு, ஐயமுள்ள குழியிலிருந்து சிறிது எடுத்துப் புதிய அகரில் தீற்றுங்கள். உயிருள்ள செல்களால் நிறம் மாறும் ரெசசூரின் சாயத்தைப் பயன்படுத்துவதானால், அணைவே அச்சாயத்துடன் வினைபுரிகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

மறுமொழி 3
நச்சுத்தன்மையை யாரும் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தேடும் கோ-ஆட் (CO-ADD) திட்டத்தின் தரவைத் தொகுத்து 2020இல் வெளியான கட்டுரையில், சோதிக்கப்பட்ட 906 உலோகச் சேர்மங்களுள் 88 மட்டுமே, பாலூட்டிச் செல்களுக்கும் சிவப்பணுக்களுக்கும் தீங்கு செய்யாமல் ஏதேனும் ஒரு நுண்ணுயிரைத் தடுத்தன. தடுப்புச் செறிவு கிடைத்ததும், அதே செறிவில் சிவப்பணுச் சிதைவுச் சோதனையையும் செய்துவிடுங்கள்.